குழுவுக்கு என்ன பேர்? தோட்டப் பேரா, ஊர்ப் பேரா, பால்மரமா

மலேசியாவில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பழைய ஆட்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வருகிற செய்திகளில் முக்கால்வாசி காலை வணக்கம்தான். பூ, சாமி படம், சூரியன் உதிப்பது. நடுவில் யாராவது அலமாரியைக் குடைந்து பழைய திருவிழாப் படம் ஒன்றை எடுத்துப் போட்டு, அதில் காவடி எடுத்திருப்பது யார் என்று ஐந்து பேர் சண்டை போட்டு, கடைசியில் அது எங்கள் பெரியப்பாதான் என்று முடிவான பிறகு, மறுநாள் காலைக்குள் படமும் சண்டையும் வணக்கத்துக்கு அடியில் புதைந்துவிடும். போன் மாற்றியவருக்கு அதுவும் மிஞ்சாது. முகநூலில் போட்டால் யாருக்குக் காட்டும், யாருக்குக் காட்டாது என்பது அல்காரிதத்துக்கே வெளிச்சம்.

அதனால் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர், ஃபெடிவர்ஸ் (தனித்தனிச் சர்வர்கள் ஒன்றோடொன்று இணைந்த சமூக வலை) பக்கம் போய், அதில் குழு குழுவாகப் பேசுகிற லெம்மியில் ஒரு குழு தொடங்கலாம் என்றார். மாமாக் கடையில் தே தாரே ஆறுவதற்குள் எல்லாரும் சரி என்று சொல்லிவிட்டார்கள். பேர் வைப்பதற்குத்தான் மூன்று வாரம் ஆனது. எதையெல்லாம் யோசித்தோம், எதை ஏன் தள்ளினோம் என்று எழுதிவைக்கிறேன். வேறு ஊரில் இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு அந்த மூன்று வாரமாவது மிச்சமாகட்டும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும், நாங்கள் அதைப் பாதி வழியில்தான் புரிந்துகொண்டோம். புலனத்தில் குழுப் பேரை யார் வேண்டுமானாலும் நாளைக்கு நாலு தடவை மாற்றலாம், ஒன்றும் ஆகாது. லெம்மியில் குழுவுக்கு இரண்டு பேர். ஒன்று முகவரிப் பேர், இன்னொன்று காட்சிப் பேர். காட்சிப் பேரைத் தமிழில் வைக்கலாம், பிடிக்காவிட்டால் மாற்றலாம். முகவரிப் பேர் அப்படியில்லை. குழுவைத் தொடங்கும்போது போட்டதுதான், அப்புறம் மாற்ற வழியே கிடையாது. காரணமும் நியாயமானதுதான்: மஸ்டடான், லெம்மி, ஃப்ரெண்டிகா போன்ற ஃபெடிவர்ஸ் தளங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாக (வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதை 2018 ஜனவரியில் பரிந்துரையாக வெளியிட்டது). அந்தப் பேச்சில் உங்கள் குழுவை மற்ற சர்வர்கள் அடையாளம் காண்பது அந்த முகவரியை வைத்துத்தான். வீட்டு எண்ணை மாற்றிவிட்டுத் தபால்காரரைக் குறை சொல்ல முடியாது, அதைப் போல.

அந்த முகவரியிலும் இரண்டு பாதி உண்டு. @ குறிக்கு முன்னால் குழுவின் பேர், பின்னால் சர்வரின் பேர். முன் பாதியில் சின்ன ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு. தமிழ் எழுத்துக்கு அங்கே இடமில்லை. கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டு அண்ணனுக்கு இதில் ரொம்பக் கோபம். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருள் பிறந்தது இந்த நாட்டில், முத்து நெடுமாறன் 1980களிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவந்துவிட்டார், இத்தனை வருஷம் கழித்தும் ஒரு குழுவுக்குத் தமிழில் முகவரி வைக்க முடியாதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் கேள்வி நியாயமாக இருப்பதால் பெட்டியில் எழுத்து ஏறப்போவதில்லை.

சரி, தேர்வுகளுக்கு வருகிறேன்.

முதலில் எல்லார் வாயிலும் வந்தது தோட்டத்தின் பேர். பாசத்தில் இதை மிஞ்ச வேறு பேரில்லை. ஆனால் எங்கள் தோட்டத்துக்குக் கம்பெனிப் புத்தகத்தில் ஒரு பேர், எங்கள் ஆட்கள் வாயில் வேறு பேர். கம்பெனிப் பேரைப் போட்டால் குழுவைக் கம்பெனியே நடத்துகிற மாதிரித் தெரியும், வேலை கேட்டு ஆள் வருவார்கள். எங்கள் பேரைப் போட்டால் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இது நமக்கில்லை என்று எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சின்ன வயதில் பந்து விளையாட்டில் அவர்களோடு முட்டிக்கொண்டது வேறு விஷயம், இன்றைக்கு எல்லாரும் ஒரே தாமானில்தான் (குடியிருப்பில்) இருக்கிறோம். அவர்கள் அப்பாவும் பால் வெட்டியவர், எங்கள் அப்பாவும் பால் வெட்டியவர். தோட்டமோ இப்போது முழுக்கச் செம்பனை (எண்ணெய்ப் பனை), லயத்து வீடுகள் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருந்த இடத்தில் லோரி திரும்புகிறது.

தோட்டத்தின் பேர் இல்லாவிட்டால் பரவாயில்லை, தோட்டம் என்ற சொல்லாவது இருக்கட்டும் என்று ஒரு யோசனை வந்தது. அதை வைத்துத்தான் ஒரு சோதனை செய்து பார்த்தேன், இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். யோசித்துவைத்த பேரைச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு வாயால் மட்டும் சொல்லி, ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பச் சொன்னேன். 'தோட்டம்' என்று ஒன்பது பேரிடம் சொன்னேன், ஆறு விதமாக வந்தது. சிலர் டி-யில் தொடங்கினார்கள், சிலர் டிஎச்-சில். நடுவில் ஒரு டி, இரண்டு டி, டிஎச் சேர்த்து ஒன்று. கடைசியில் ஏ போட்டவரும் உண்டு, யூ போட்டவரும் உண்டு. இதில் ஒன்றைப் பிடித்து முகவரியாக்கினால் மீதி ஐந்து விதத்தில் தட்டுகிறவருக்குக் குழு கிடைக்காது. ஃபெடிவர்ஸில் பெரிய தேடுபொறி எதுவும் கைகொடுக்காது. உங்கள் சர்வரில் யாரும் இன்னும் தொடாத ஒரு குழுவைக் கொண்டுவர, அதன் முகவரியை எழுத்துக்கு எழுத்து சரியாகப் போட வேண்டும்.

இதே இடத்தில்தான் டீச்சர் அக்காவின் பேரும் அடிபட்டது. அக்கா சொன்ன பேர் 'பால்மரம்'. கேட்டவுடன் எனக்குப் புல்லரித்தது, உண்மையாகவே. ரப்பர் என்று ஊரெல்லாம் சொன்னாலும் நமக்கு அது பால்மரம்தான். விடியற்காலை நெற்றி விளக்கு, வாளி, உளி, மங்குக்குள் சொட்டுகிற சத்தம் எல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்துவிடுகிறது. தம்பி போனில் ஆங்கில எழுத்தில் தட்டிக் காட்டினார். பி, ஏ, எல், எம். முதல் நாலு எழுத்தைப் படித்தால் ஆங்கிலத்தில் பனை! தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்துவிட்டு எது நட்டார்களோ, அதன் பேர்தான் முதலில் கண்ணில் படுகிறது. அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பி-க்குப் பின்னால் ஏ இரண்டு போட்டால் பனை போய்விடும், ஆனால் போனில் சொல்லி எழுதச் சொன்னால் யார் இரண்டு ஏ போடப்போகிறார்கள்?

'லயம்' என்றும் ஒரு பேச்சு வந்தது. சின்ன பேர், அழகான பேர். ஆனால் உலகத்தில் பாதிப் பேருக்கு லயம் என்றால் தாளம். மிருதங்கக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொண்டு வகுப்பு எப்போது என்று கேட்பார்கள். இலங்கை மலையகத்துக்காரர்கள் வந்தால் அவர்களுக்கும் அது சொந்தச் சொல், வரட்டும், சந்தோஷம்தான், ஆனால் அது வேறு குழு.

நேர் எதிர்ப்பக்கம் போய் 'மலேசியத் தமிழர்' என்கிற மாதிரி ஒன்றை வைத்தால் என்ன என்றும் ஒருவர் கேட்டார். நாடு முழுக்க வருவார்களாம். வருவார்கள், வந்து கட்சி அரசியல் பேசுவார்கள், யார் அதை அடக்குவது? நடத்துகிறவர்கள் நாங்கள் நாலு பேர், நாலு பேருக்கும் வேலை இருக்கிறது. தவிர, பரவலான பேரை வைத்தால் அதே பேரில் வேறு சர்வரில் இன்னொரு குழு நாளைக்கே முளைக்கும். லெம்மியில் தொழில்நுட்பம் என்ற ஒரே பேரில் பெரிய சர்வர் ஒவ்வொன்றிலும் ஒரு குழு இருக்கிறது, ஒன்றுக்கும் ஒன்றுக்கும் சம்பந்தமில்லை, புதிதாக வருகிறவர் எதில் சேர்வது என்று முழிக்கிறார். அப்படி ஒரே பேர் பல இடத்தில் இருப்பது அங்கே தப்பும் இல்லை, மையமாக ஒருவர் உட்கார்ந்து பேர்ப் பதிவு செய்வதும் இல்லை. அதனால் பரவலான பேரைப் பிடித்துவிட்டோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை.

கடைசியில் வந்து நின்றது ஊர்ப் பேரில். இங்கேதான் உண்மையான சண்டை.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை. 2007-லிருந்து அரசாங்கக் கணக்கில் பெஸ்தாரி ஜெயா. பத்தாங் என்றால் மலாயில் தண்டு, பெர்ஜுந்தை என்றால் தொங்குகிற. சேர்த்துச் சொன்னால் மலாய்ப் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வெளியூர் இடைநிலைப்பள்ளியில் எந்த ஊர் என்று கேட்டால் கோலசிலாங்கூர் பக்கம் என்று சொல்லித் தப்பித்த தலைமுறை நாங்கள். பேர் மாறினதற்கு அந்தச் சிரிப்பும் ஒரு காரணம் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். இந்த நாட்டில் ஊர்ப் பேர் மாறுவதும் புதிதில்லை, போர்ட் சுவெட்டன்ஹாம் போர்ட் கிள்ளான் ஆனது, தெலுக் ஆன்சன் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது, ஆனாலும் அந்தப் பக்கத்துக் கிழவிகள் இன்றைக்கும் ஆன்சன் என்றுதான் சொல்கிறார்கள்.

பெஸ்தாரி ஜெயா என்று வைக்கலாம் என்று அக்கா சொன்னார். பள்ளிப் பிள்ளைகளிடம் கூச்சமில்லாமல் சொல்லலாம், வரைபடத்தில் இருக்கிற பேர், இளசுகள் தேடுவது அதைத்தான். சரிதான். ஆனால் அந்தப் பேரில் வைத்தால் ஊரின் எல்லா விஷயத்துக்கும் நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகும். சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இங்கே இருக்கிறது, வாடகைக்கு அறை கிடைக்குமா என்று மாணவர்கள் கேட்பார்கள், குப்பை லோரி ஏன் வரவில்லை என்று தாமான்காரர்கள் கேட்பார்கள். எங்களுக்கு வேண்டியது பழைய படமும் பழைய கதையும். இன்னொன்று, ஊரைவிட்டுப் போய் முப்பது வருஷமானவர்கள், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள், பெஸ்தாரி ஜெயா என்றால் எந்த ஊர் என்று கேட்கிறார்கள். நாங்கள் தேடுவதே அவர்களைத்தான்.

பழைய பேர்தான் என்று கிராணி வீட்டு அண்ணன் மேசையைத் தட்டினார். அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது இருக்கிற பேரை நாளைக்கு இன்னொரு அரசாங்கம் வந்து மாற்றலாம், ஏற்கெனவே மாற்றிவிட்ட பேரை இனிமேல் யார் மாற்றப்போகிறார்கள் என்றார். மாற்றவே முடியாத முகவரிக்கு, யாரும் மாற்றப்போகாத பேர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நான் அந்த முதல் வார்த்தையை என் பிள்ளைகள் முன்னால் எழுத மாட்டேன், தம்பி, என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் என்னமோ ஊருக்குப் பேர் வைத்தவன் மாதிரி.

தீர்வு தம்பியிடமிருந்து வந்தது. முதல் வார்த்தையை விட்டுவிட்டு வெறும் பெர்ஜுந்தை. பேச்சில் நாம் பாதி நேரம் அப்படித்தானே சொல்கிறோம் என்றார். இந்தப் பக்கத்தில் ஈயம் தோண்டிய கம்பெனி ஒன்றின் பேரிலும் பெர்ஜுந்தைதான் இருந்தது, பத்தாங் இல்லை. ஆங்கில எழுத்தில் ஒன்பதே எழுத்து. லெம்மியில் முகவரிப் பேருக்குச் சர்வர்கள் வழக்கமாக வைத்திருக்கும் வரம்பு 20, அதில் பாதிகூட இல்லை. போன் சோதனையும் செய்தேன். அதே ஒன்பது பேர், ஒன்பது பேரும் ஒரே மாதிரி எழுதினார்கள்! யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமில்லை. மலாய் ஊர்ப் பேருக்கு ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். பஸ் பலகையிலும் பழைய அடையாள அட்டையிலும் பார்த்துப் பார்த்துக் கண்ணில் பதிந்தது. தமிழ்ச் சொல்லுக்கு அந்த மாதிரி ஒரு ஒப்பந்தம் நம்மிடம் இல்லை. தமிழ் என்ற சொல்லின் கடைசி எழுத்துக்கே எல் போடுகிறவர், இஸட்எச் போடுகிறவர் என்று இரண்டு கட்சி. தமிழ்க் குழுவுக்கு மலாய்ப் பேரா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. எனக்கும் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் முகவரி என்பது கதவு, தட்டுகிறவருக்குத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். பாசத்தையெல்லாம் காட்சிப் பேரில் வைத்துக்கொள்ளலாம்.

முன் பாதி முடிந்தது. பின் பாதியைப் பற்றி யாரும் பேசவே இல்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. சர்வர் என்பது தோட்டத்து வீடு மாதிரி. நாம் பெருக்குகிறோம், கோலம் போடுகிறோம், பின்னால் முருங்கை வைக்கிறோம், ஆனால் வீடு கம்பெனியுடையது. தோட்டத்தை விற்றால் நோட்டீஸ் வரும், மூட்டை கட்ட வேண்டும். இது எங்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விஷயமில்லை. எஃப்எம்எச்ஒய் என்ற லெம்மி சர்வர் மாலி நாட்டின் டாட் எம்எல் முகவரியில் இருந்தது, 2023 ஜூலையில் அந்த நாடு தன் டொமைன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டபோது சர்வரின் முகவரியே போய்விட்டது. குவியர் டாட் ஏஎஃப் என்று ஒரு மஸ்டடான் சர்வர், ஆங்கிலத்தில் வேடிக்கையாகப் படிக்கட்டும் என்று ஆப்கானிஸ்தானின் டாட் ஏஎஃப் முகவரியை வாங்கியிருந்தார்கள், 2024 பிப்ரவரியில் தாலிபான் அரசு அதை முடக்கியது. பேர் அழகாக இருக்கிறது, மலிவாகக் கிடைக்கிறது என்று எவனோ ஒருவன் நாட்டு எழுத்தைப் பின்னால் ஒட்டிக்கொண்டால் இதுதான் கதி. தமிழிலேயே டொமைன் வாங்கலாமே என்றால், டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா, டாட் இலங்கை எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கின்றன, மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில்தான் (மலாயை எழுதும் அரபு வடிவ எழுத்து) உண்டு. அப்படியே வாங்கினாலும் அடியில் அது எக்ஸ்என் என்று தொடங்குகிற ஒரு புரியாத ஆங்கில எழுத்துக் கோவைதான், பல இடங்களில் அந்தக் கோவைதான் வெளியே தெரியும்.

சொந்தமாகச் சர்வர் வைப்பது நல்லதுதான், ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அது படுத்துவிட்டால் எழுந்து பார்க்கத் தம்பி ஒருவர்தான் இருக்கிறார், அவருக்குக் காலையில் பட்டறை. அதனால் பல வருஷமாக ஓடுகிற, யார் நடத்துகிறார்கள், செலவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று முகப்பிலேயே எழுதிவைத்திருக்கிற நடுத்தர சர்வர் ஒன்றைப் பிடித்தோம். படங்களின் மூலப் பிரதி எல்லாம் அக்கா வீட்டு ஹார்ட் டிஸ்கில்.

என் தப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேரை யாராவது பிடித்துவிடப் போகிறார்கள் என்ற அவசரத்தில், குழு தொடங்குவதற்கு முன்னாலேயே அதே சர்வரில் பெர்ஜுந்தை என்று எனக்கே ஒரு கணக்கைத் திறந்துவிட்டேன். ஆளுக்கும் குழுவுக்கும் ஒரே பேர் இருப்பதை லெம்மி அனுமதிக்கிறது, அதற்குள் குழப்பமில்லை. ஆனால் மஸ்டடானிலிருந்து அந்த முகவரியைப் போட்டால் இரண்டில் ஒன்றுதான் தெரியும். குழுவா ஆளா என்று தெரியாத ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, எனக்கு வேறு பேரில் திறந்துகொண்டேன்.

ஹேஷ்டேக் மட்டும் போதாதா என்று கேட்பவர்களுக்கு: மஸ்டடானில் தமிழிலேயே ஹேஷ்டேக் வைக்கலாம், முகவரித் தொல்லை இல்லை, சர்வர் போனாலும் பேர் போகாது. ஆனால் உங்கள் சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகள் மட்டும்தான் அதில் தெரியும். தமிழுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. கோயில் பேரை ஹேஷ்டேக்காக வைத்துப் பார்த்தோம். 'ஸ்ரீ' என்ற எழுத்தை யுனிகோடில் ஸ போட்டும் எழுதலாம், ஶ போட்டும் எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. அக்காவின் போனில் ஒன்று, என் போனில் இன்னொன்று. ஒரே அம்மன், இரண்டு ஹேஷ்டேக்.

காட்சிப் பேருக்கு 'பத்தாங் பெர்ஜுந்தை பால்மரத்துப் பிள்ளைகள்' என்று வைத்தோம், இங்கே பத்தாங் இருக்கட்டும் என்று அக்காவே விட்டுக்கொடுத்தார், தமிழ் எழுத்தில் எழுதினால் சிரிப்பு வரவில்லையாம். நீளம் பார்த்து வையுங்கள். பத்தாங் பெர்ஜுந்தை என்பது கண்ணுக்கு ஒன்பது எழுத்தும் ஒரு இடைவெளியும், யுனிகோட் கணக்கில் 18, ஏனென்றால் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி. எழுத்து வரம்பு உள்ள இடங்களில் நம் பேர் நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் முட்டிக்கொள்ளும்.

குழு ஓடுகிறது. காவடிப் படம்தான் முதல் பதிவு, கீழே எங்கள் பெரியப்பா இல்லை, அவர் தம்பி என்று சிங்கப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். காட்சிப் பேர் மட்டும் இதுவரை மூன்று தடவை மாறிவிட்டது. பெர்ஜுந்தை என்று எழுதுவது தப்பு, பெர்ஜுந்தாய் என்பதுதான் மலாய் உச்சரிப்பு என்று அண்ணன் மாற்றுகிறார், பத்திரிகையில் அப்படி இல்லை என்று அக்கா திருப்பி மாற்றுகிறார். நேற்று ராத்திரி பார்த்தபோது தாய்.